விவாகரத்தில் மறைக்கப்படும் காணியையும் காசையும் கண்டுபிடிப்பது: யாழ்ப்பாணத்தவருக்கு

வழக்குப் போட முன்னரே காணியைத் தேடி முடியுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் பெயரில் உள்ளதை விற்க மனைவியின் கையெழுத்து வேண்டியதில்லை. அழைப்பாணை கைக்குக் கிடைத்த கையோடு அது தம்பி பெயருக்கோ தங்கை பெயருக்கோ போய்விடலாம்.

காணிப் பதிவகத்தில் தேடுவதற்குத் தொகுதி, மடிப்பு இலக்கம் (பதிவேட்டின் புத்தகமும் பக்கமும்) தேவை. பழைய உறுதியின் பதிவு முத்திரையில் அது இருக்கும். உறுதி கையில் இல்லையென்றால் சோலைவரிப் பற்றுச்சீட்டு, நில அளவை வரைபடம், ஈட்டுக் கடிதம் என்று எது அகப்பட்டாலும் அதிலிருந்து தொடங்கலாம். பதிவேட்டில் கடைசியாக நடந்த கைமாற்றங்களைப் பார்த்து, அந்த உறுதிகளின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை எடுங்கள்.

கணவன் தன் சகோதரிக்கு நன்கொடை உறுதி எழுதி, சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) தனக்கு வைத்திருந்தால், காணியின் அனுபவம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. அறுதி (விற்பனை) உறுதியென்றால் கடைசியிலுள்ள நொத்தாரிசின் அத்தாட்சியை வாசியுங்கள். காசு தன் முன்னிலையில் கொடுபட்டதா என்பதை அவர் அதில் எழுதியிருப்பார். முன்னிலையில் கொடுபடாத காசு, அடிமட்ட விலை, வாங்கியவர் நெருங்கிய உறவு, பிரச்சினை தொடங்கிய பின்னான திகதி: இவை ஒன்றுசேர்ந்தால் உறுதியைத் தள்ளுபடி செய்யக் கேட்க வலுவான அடிப்படை உண்டு. கணவனின் காசில் வேறொருவர் பெயருக்கு வாங்கிய காணிக்கு, காசு கொடுத்தவருக்காகவே அது வைத்திருக்கப்படுகிறது என்று காட்ட நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு உதவக்கூடும். காசு யாருடையது என்று காட்ட வங்கிப் பதிவு வேண்டும்.

மிஞ்சியிருக்கும் காணியைக் காப்பாற்ற லிஸ் பென்டன்ஸ் (காணி மீது வழக்கு நடக்கிறது என்ற அறிவித்தல்) காணிப் பதிவகத்தில் பதியப்படும். பலர் சறுக்குவது இங்கேதான். வெறும் விவாகரத்து மட்டும் கேட்கும் வழக்கு காணியைத் தொடுவதில்லை. வழக்கைத் தொடங்கும் முறைப்பாட்டில் அந்தக் காணி தொடர்பான நிவாரணமும் கேட்கப்பட்டிருக்க வேண்டும். காணியை விபரிக்கும் அட்டவணையில் எல்லையோ பரப்போ பிழைத்தால் பதிவு வேறு மடிப்பில் விழும், வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. உறுதியில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். விற்பனை நெருங்கிவிட்டால் தடையுத்தரவு கேளுங்கள். மற்றப் பக்கத்தைக் கேளாமல் தரப்படும் இடைக்கால உத்தரவு ஒரு தடவைக்கு 14 நாட்களைத் தாண்டாது. நீடிக்கும் தவணையைத் தவறவிடாதீர்கள்.

தேடியதேட்டத்தில் (கலியாணத்தின் பின் தேடிய சொத்தில்) பாதி தானாகவே கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இதை ஒழுங்குபடுத்தும் 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தை 1947இல் திருத்திய பின் நிலைமை சிக்கலானது. கலியாணத் திகதி, ஒவ்வொரு காணியும் வாங்கிய திகதி, காசு வந்த வழி மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். விவாகரத்துத் தீர்ப்போடு ஆதனத்தை எழுதிக் கொடுக்கவோ ஒரு தொகையைக் கட்டவோ நீதிமன்றம் கட்டளையிடலாம் (குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிரிவு 615). அதைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

வங்கி மற்றவரின் கணக்கு விபரத்தை உங்களுக்குத் தராது. வங்கி, கிளை, தெரிந்தால் கணக்கிலக்கம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, வங்கி அதிகாரியைச் சாட்சிப் பட்டியலில் சேருங்கள். பட்டியலில் இல்லாத சாட்சியைப் பிறகு அழைக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக் கழிவு தெரிந்தால் அங்கேயும் ஒரு தொகை சேர்கிறது. வாகனம் பெயர் மாற்றாமல் விற்கப்பட்டிருக்கலாம், ஆகவே வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள். நகைக்குக் கலியாணப் படங்கள், கடைப் பற்றுச்சீட்டு, அடைவுச் சீட்டு மூன்றும் உதவும். தாலிக்கொடி அடைவில் இருந்தால் மீட்கும் திகதியை உடனே பாருங்கள்.

கணவனுடைய கைப்பேசியையோ மின்னஞ்சலையோ கடவுச்சொல் உடைத்துத் திறக்க வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் அது குற்றம், வழக்கு உங்கள் மேல் திரும்பும். வீட்டில் பொதுவாகக் கிடந்த தாள்களைப் படமெடுத்து, மூலத்தை இருந்த இடத்திலேயே விடுங்கள்.

கணவன் வெளிநாட்டிலிருந்து அங்கேயே வழக்குப் போட்டால், ஒன்ராறியோவில் ஆதனப் பங்கு கேட்கும்போது 13.1 படிவத்தையும், இங்கிலாந்தில் நிதிக் கோரிக்கைக்கு ஈ படிவத்தையும் (Form E) உண்மையென உறுதிசெய்து நிரப்ப வேண்டும். யாழ்ப்பாணத்துக் காணியும் அதில் வரவேண்டும். அவர் எழுதாமல் விட்ட காணியின் பதிவகப் பிரதியை ஆங்கில மொழிபெயர்ப்போடு அங்குள்ள சட்டத்தரணிக்கு அனுப்புங்கள்.

இவ்வளவும் முடியும்வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, வருமான விபரம் ஆகியவற்றோடு போகலாம்.