எலக்ட்ரான் கற்றையை உங்கள் கையாலேயே திருப்பிப் பார்ப்பது எப்படி

படக்குழாய் வைத்த பழைய ஆஸிலாஸ்கோப் (மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி) ஒன்று கிடைத்தால் போதும், குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை எப்படித் திரும்புகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். மூடியை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும்.

முதலில் எக்ஸ்-ஒய் நிலைக்கு, அதாவது கற்றை தானாகக் குறுக்கே ஓடாத நிலைக்கு, மாற்றுங்கள். கோடு போய் ஒரு புள்ளி நிற்கும். உடனே பிரகாசத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கற்றை ஒரே இடத்தில் அடித்து அடித்துப் திரையில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு கருகிவிடும், அந்த வடு போகவே போகாது.

இப்போது ஒய் உள்ளீட்டை (புள்ளியை மேலும் கீழும் நகர்த்துவது) டிசி-யில், கட்டத்துக்கு 1 வோல்ட் என்று வைத்து, 1.5 வோல்ட் செல் ஒன்றைத் தொடுங்கள். புள்ளி ஒன்றரைக் கட்டம் மேலே தாவும். செல்லைத் திருப்பிப் பிடித்தால் கீழே. உள்ளே நடப்பது இதுதான்: அந்தச் சின்ன வோல்ட்டைப் பெருக்கி இரண்டு தகடுகளுக்கு இடையே கொடுக்கிறார்கள், எலக்ட்ரான் நேர்மின் தகட்டின் பக்கம் சாய்கிறது. கணக்கும் எளிது. தகடு 2 செ.மீ. நீளம், இடைவெளி அரை செ.மீ., திரை 20 செ.மீ. தூரம், எலக்ட்ரானை முடுக்கும், அதாவது வேகப்படுத்தும், மின்னழுத்தம் 2000 வோல்ட் என்றால், தகடுகளுக்கிடையே 50 வோல்ட் கொடுத்தால் புள்ளி 1 செ.மீ. நகரும். முடுக்கும் மின்னழுத்தத்தை 4000 ஆக்கினால் அரை செ.மீ.தான். வேகமாகப் போகிறவனைத் திருப்புவது கஷ்டம் இல்லையா.

அப்புறம் காந்தம். திரைக்கு வலப்பக்கமாக ஒரு முனையைக் கொண்டுபோங்கள், புள்ளி காந்தத்தை நோக்கி வராது, மேலேயோ கீழேயோ நகரும்! காந்த விசை எப்போதும் புலத்துக்கும் ஓட்டத்துக்கும் செங்குத்தாகவே இருக்கும். (கலர் டிவி குழாயில் இதைச் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் உலோக முகமூடி காந்தமேறி நிறம் கெட்டுவிடும்.) முடுக்கும் மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் தகட்டு விலகல் கால்வாசியாகிவிடும், காந்த விலகலோ பாதியாகத்தான் குறையும். 25,000 வோல்ட் வரை போகும் டிவி குழாய்களில் தகட்டை விட்டுவிட்டுக் கழுத்தில் காந்தப்புலம் உண்டாக்கும் கம்பிச்சுருள் மாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எக்ஸ்-ஒய்யை விட்டுக் கோடு தெரியும் பழைய நிலைக்கு வாருங்கள். கோடு லேசாகச் சாய்ந்திருக்கிறதா? பூமியின் காந்தப்புலத்தின் வேலை. முன்பக்கத்தில் டிரேஸ் ரொட்டேஷன் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், அது குழாயைச் சுற்றியுள்ள சுருளின் மின்னோட்டத்தை மாற்றும். கருவியை மேசையில் வேறு திசைக்குத் திருப்பினால் கோடு மறுபடி சாயும், அதனால் இடத்தை முடிவுசெய்த பிறகு திருகுங்கள்.