நிலப் பிரச்சினையோடு நகர்மன்றக் கூட்டத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை நான் போனபோது கையில் ஒரு தடித்த ஃபைல் இருந்தது. எங்கள் தெருவின் மழைநீர் ஓடும் வாய்க்காலை மறித்து ஒரு சுவர் எழும்பியிருந்தது. அதைப் பற்றிப் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். நான் அந்த வாய்க்கால் எந்தக் காலத்தில் வெட்டப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். சுவருக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. தலைவர் பொறுமைசாலி. "சரி, மன்றம் இப்போ என்ன செய்யணும்னு சொல்றீங்க?" என்று கேட்டார். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "நடவடிக்கை எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே பதில் எழுதிக்கொண்டு போவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

படி 1: இது மன்றத்தின் வேலைதானா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். கூட்டத்தில் நேரம் வீணாவதும் பெரும்பாலும் இதனால்தான்.

உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எல்லைத் தகராறு என்று வையுங்கள். அவர் சுவர் உங்கள் பக்கம் ஓர் அடி வந்துவிட்டது. இதை நகர்மன்றத்தால் தீர்க்க முடியாது. நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று அளந்து காட்டுவது நில அளவைத் துறை. உறுப்பினர்கள் எல்லோரும் கையைத் தூக்கினாலும் உங்கள் பத்திரத்தில் ஒரு வரிகூட மாறாது.

அதே சுவர் பொதுப் பாதையிலோ, பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்திலோ, வாய்க்கால் கரையிலோ வந்திருந்தால் கதை வேறு. பொது நிலத்தைப் பாதுகாப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. பொது இடத்தை விற்பது, குத்தகைக்கு விடுவது, தெருவை அகலப்படுத்துவது, குடியிருப்புப் பகுதியை வணிகப் பகுதியாக மாற்றுவது, மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது போன்றவையும் மன்றத்திடமோ அதன் திட்டக் குழுவிடமோ வரக்கூடியவை. சில ஊர்களில் இவற்றில் சிலவற்றைத் தனி ஆணையம் பார்க்கும். உங்கள் ஊரில் யார் கையில் இருக்கிறது என்று முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே பிரச்சினை இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பதும் உண்டு. பக்கத்து மனைக்காரர் அனுமதி வாங்காமல் மாடி கட்டுகிறார், அதன் நிழலும் உங்கள் மேல், அதன் அஸ்திவாரமும் உங்கள் மனையில் என்றால், அனுமதி இல்லாதது மன்றத்தின் விஷயம், அஸ்திவாரம் நீதிமன்றத்தின் விஷயம். இரண்டையும் கலந்து பேசினால் "இது சிவில் வழக்கு, கோர்ட்டுக்குப் போங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள். அனுமதியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

"பொது நிலம் பற்றிக் கேட்க எனக்கு என்ன உரிமை?" என்ற தயக்கம் வேண்டாம். பெங்களூரில் ஒரு மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, அந்தப் பகுதிவாசிகள் வழக்குப் போட்டார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1991-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, ஒதுக்கீடு நிற்கவில்லை. "பணம் இல்லை" என்ற பதிலுக்கும் ஒரு பழைய மறுமொழி உண்டு. ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-லேயே, சாக்கடை கட்ட நிதி இல்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூட்டத்தில் இந்த வழக்குகளை எடுத்து வீச வேண்டும் என்பதில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் குரலில் நடுக்கம் குறையும், அவ்வளவுதான்.

படி 2: நிகழ்ச்சி நிரலைப் பிடியுங்கள்

அன்றைய கூட்டத்தில் எதைப் பேசுவார்கள் என்பது முன்கூட்டியே அச்சாகிவிடும். அதுதான் நிகழ்ச்சி நிரல், பேச்சுவழக்கில் அஜெண்டா. கலிபோர்னியாவில் 1953-ல் வந்த பிரவுன் சட்டத்தின்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அது வெளியில் ஒட்டப்பட வேண்டும். இங்கிலாந்தின் பெரிய மன்றங்களுக்கு ஐந்து முழு நாட்கள். இந்த 'முழு நாள்' கணக்கில் அறிவிப்பு வெளியான நாளும் கூட்டம் நடக்கும் நாளும் சேராது. உங்கள் ஊர்க் கணக்கு எதுவானாலும், நிரல் கைக்கு வந்த பிறகு உங்களுக்கு இருப்பது சில நாட்கள் மட்டுமே.

உங்கள் விஷயம் நிரலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொருள் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அன்று பேசலாமே தவிர, பல இடங்களில் அன்றே முடிவு எடுக்க முடியாது. கலிபோர்னியாவில் நிரலில் இல்லாத பொருளில், சில விதிவிலக்குகள் தவிர, மன்றம் தீர்மானம் போடவே கூடாது. இது உங்களை அலட்சியப்படுத்துவதற்காக வந்த விதி இல்லை. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் தெருவைப் பற்றி முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது. அப்படிப்பட்ட ஊரில் உங்கள் கோரிக்கை "அடுத்த கூட்ட நிரலில் இதைச் சேருங்கள்" என்பதாக இருக்கட்டும்.

இன்னொன்று. நிரலின் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். விவாதமில்லாமல் ஒரே கைதூக்கலில் நிறைவேற்றுவதற்காகப் பத்துப் பதினைந்து சின்னப் பொருள்களை ஒரே கட்டாக வைக்கும் பழக்கம் பல மன்றங்களில் உண்டு. கொசு மருந்து வாங்கியதற்கும் விளக்குக் கம்பம் மாற்றியதற்கும் நடுவில், ஒரு பொது மனையின் குத்தகை நீட்டிப்பு ஒரு வரியாகப் படுத்திருக்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், அதைத் தனியாக எடுத்து விவாதிக்கச் சொல்லி உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். வாக்கெடுப்புக்கு முன்னால் கேட்க வேண்டும். பின்னால் கேட்டால் பயனில்லை.

படி 3: ஒரே தாள்

என் தடித்த ஃபைலை யாரும் திறக்கவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. ஓர் உறுப்பினர் முன்னால் ஏற்கெனவே நூறு பக்கம் கிடக்கும்.

ஒரு தாள் போதும். மேலே பொருள் எண், நிலத்தின் சர்வே எண் அல்லது மனை எண். அடுத்து என்ன நடந்தது என்று நான்கைந்து வரி, தேதியோடு. கீழே ஒரு சிறிய வரைபடம், இரண்டு புகைப்படம். கடைசியில் உங்கள் கோரிக்கை, ஒரே வாக்கியத்தில். மற்ற ஆவணங்கள் பின்னிணைப்பாக இருக்கட்டும், கேட்பவருக்குக் கொடுக்கலாம்.

புகைப்படத்தில் கவனம் வேண்டும். 'இப்போது' எடுத்த படம் சுவர் இருப்பதைத்தான் காட்டும். முன்பு இல்லை என்பதைக் காட்டாது. கணினியில் கூகுள் எர்த் போட்டுப் பழைய வருடப் படங்களுக்குப் போய்ப் பாருங்கள். எந்த வருடம் வரை வாய்க்கால் திறந்திருந்தது, எப்போது மூடியது என்று மேலிருந்து எடுத்த படத்திலேயே பல சமயம் தெரிந்துவிடும். இரண்டு வருடத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் நீங்கள் பேச வேண்டியது பாதி குறைந்துவிடும்.

மனைப்பிரிவின் அனுமதி வரைபடம், நிலப் பதிவேட்டின் நகல் இரண்டையும் அலுவலகத்திலேயே கேட்டு வாங்குங்கள். கொடுக்காமல் இழுத்தால், இந்தியாவில் 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த முப்பது நாளையும் கணக்கில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 4: கவுன்சிலரை முன்பே பாருங்கள்

கூட்டத்தில் முதல்முறையாக ஒரு விஷயத்தைக் கேள்விப்படும் உறுப்பினர் அநேகமாக 'ஒத்திவைக்கலாம்' என்றுதான் சொல்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். அதனால் வாரம் ஒன்று இருக்கும்போதே போய் அந்த ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள். பல ஊர்களில், இந்தியாவின் பெரும்பாலான மன்றங்கள் உட்பட, பொதுமக்கள் பார்வையாளராக உட்காரலாமே தவிரப் பேச முடியாது. அங்கே உங்கள் குரலே அந்த உறுப்பினர்தான். மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் இருக்க வேண்டும் என்று இந்திய அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் (1993 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது) சொல்கிறது. உங்கள் வார்டில் அப்படியொரு குழு கூடுகிறதென்றால் அங்கேயே தொடங்குவது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. குறிப்பிட்ட ஒரு மனைக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்ற விசாரணையில் உறுப்பினர்கள் கிட்டத்தட்ட நீதிபதி இடத்தில் உட்காருகிறார்கள். அமெரிக்காவின் பல இடங்களில், தனியாக யார் வந்து என்ன பேசினார்கள் என்பதை அவர்கள் விசாரணையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கிலாந்திலும் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு வந்து வாக்களிக்கக் கூடாது. அந்த மாதிரி விஷயங்களில் சொல்ல வேண்டியதை எழுத்தில் அலுவலகத்துக்கே கொடுத்துவிடுவது நல்லது. உறுப்பினர் சந்திக்க மறுத்தால் கோபப்படாதீர்கள். விதி தெரிந்தவர் என்று அர்த்தம்.

படி 5: மூன்று நிமிடப் பேச்சு

கோரிக்கையை முதலில் சொல்லுங்கள். கதை அப்புறம். இப்படி:

"தலைவர் அவர்களுக்கு வணக்கம். பொருள் எண் 14 பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த மனையை விற்பதை இன்று முடிவு செய்யாமல், அனுமதி வரைபடத்தோடு ஒப்பிட்டு அடுத்த கூட்டத்தில் அறிக்கை வைக்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். காரணம், வரைபடத்தில் அந்த இடம் பூங்கா என்று குறித்திருக்கிறது. நகல் உங்கள் கையில் இருக்கிறது. விற்பனைக் குறிப்பில் 'காலி மனை' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்."

இவ்வளவில் மணி அடித்தாலும் பாதகமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. மிச்ச நேரம் இருந்தால் அந்த இடத்தை இப்போது யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லலாம்.

எழுதியதை வாய்விட்டுப் படித்து, கடிகாரம் வைத்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் எப்போதும் நேரம் குறைவாகத்தான் தெரியும். தெருவில் பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் பத்துப் பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லாதீர்கள்: ஒருவர் வரைபடம், ஒருவர் வெள்ளம் வந்த நாள், ஒருவர் கோரிக்கை. மற்றவர்கள் எழுந்து நின்றாலே போதும்.

எதைச் சொல்லக் கூடாது என்பதும் முக்கியம். கட்டட அனுமதி விஷயத்தில் "என் வீட்டு மதிப்பு குறைந்துவிடும்", "ஜன்னல் வழியாகத் தெரிந்த காட்சி போய்விடும்" என்பவை எல்லோர் வாயிலும் வரும். இங்கிலாந்தின் திட்ட விதிகளில் இவை கணக்கில் எடுக்கத்தக்க காரணங்களே இல்லை. இருவருக்கிடையிலான எல்லைத் தகராறும் அப்படித்தான். போக்குவரத்து, வடிகால், வெளிச்சம் மறைவது, அங்கீகரித்த திட்டத்தோடு முரண்படுவது ஆகியவை எடுபடும். அப்புறம், யாரையும் பெயர் சொல்லி "லஞ்சம் வாங்கினார்" என்று மைக்கில் சொல்லிவிடாதீர்கள். ஆதாரம் கையில் இருந்தாலும் அதற்கான இடம் வேறு. இங்கே சொன்னால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும், சுவர் அங்கேயே நிற்கும்.

ஆக்கிரமித்த இடத்தில் மக்கள் குடியிருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ல், அகற்றுவதற்கு முன் அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும் என்றும், வாழ்வுரிமையில் பிழைப்பும் அடங்கும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. "நாளைக்கே இடியுங்கள்" என்று கேட்பது நியாயமும் இல்லை, அந்தத் தீர்மானம் நீதிமன்றத்தில் நிற்கவும் நிற்காது. மாற்றிடத்தோடு சேர்த்துக் கேளுங்கள்.

படி 6: கூடத்துக்குள்

சீக்கிரம் போய்ப் பேசுவதற்குப் பெயர் கொடுங்கள். சில இடங்களில் முந்தைய நாளே கொடுக்க வேண்டியிருக்கும். தலைவரைப் பார்த்துப் பேசுங்கள், எதிர்த்தரப்பைப் பார்த்து அல்ல. கைதட்டல் வேண்டாம். படம் எடுக்கலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

விவாதம் தொடங்கியதும் வார்த்தைகளைக் கவனியுங்கள். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், யாராவது திருத்தம் கொண்டுவருவார். திருத்தத்தில்தான் உங்கள் கோரிக்கை பெரும்பாலும் காணாமல் போகும். 'ஒத்திவைப்பு' என்றால் எந்தத் தேதிக்கு என்று பாருங்கள்; தேதி இல்லாத ஒத்திவைப்பு கிணற்றில் போட்ட கல். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: ஒரு பொருளை 'டேபிள்' செய்கிறோம் என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு வைக்கிறார்கள் என்று அர்த்தம், அமெரிக்காவில் ஓரமாக எடுத்து வைக்கிறார்கள் என்று அர்த்தம். தெரியாமல் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

படி 7: மறுநாள்

தீர்மான எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் துறை, எத்தனை நாளில் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணைப் போட்டு, இந்த இரண்டையும் கேட்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கூட்டக் குறிப்பு வரைவாக இருக்கும்போதே படித்துவிடுங்கள். பொதுவாக அடுத்த கூட்டத்தில்தான் அதை ஏற்று உறுதி செய்வார்கள். அதற்கு முன்னால்தான் திருத்த முடியும். என் முதல் கூட்டத்தின் குறிப்பில் நான் பேசியது இப்படி ஏறியிருந்தது: "பொதுமக்களில் ஒருவர் நடவடிக்கை கோரினார்." அதில் திருத்த எதுவும் இல்லை. நான் சொன்னது அவ்வளவுதான்.