கர்ப்பகால இடுப்பு வலி: பொறுத்துக்கொள்வதே முதல் தவறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், ஆறு மாத வயிற்றுடன் படியேறும் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், "பிள்ளைத்தாய்ச்சிக்கு வலிக்கத்தானே செய்யும், நாங்கள் பால்மரம் சீவிக்கொண்டே பெற்றோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பட்ட பாடு உண்மைதான். ஆனாலும் அதைக் கேட்டு வாய்திறவாமல் இருந்துவிடுவதே பெரிய தவறு. ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இவ்வலி வருகிறது. இடுப்பெலும்புகள் முன்னும் பின்னும் சேரும் மூட்டுகள் சீராக அசையாததால் அடிவயிற்றின் கீழும், தொடையிடுக்கிலும், முதுகின் அடியிலும் வலிக்கிறது. இதனால் குழந்தைக்குத் தீங்கில்லை என்றாலும், தொடக்கத்திலேயே கிளினிக் தாதியிடம் சொல்லி பிசியோதெரபிக்குப் போகிறவர்களுக்கு வலி எளிதில் கட்டுக்குள் வரும்.

அடுத்த தவறு, எடை முழுவதையும் ஒரே காலில் தாங்குவது. குளியலறைச் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று காற்சட்டைக்குள் மறுகாலை நுழைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் பலருக்கு வலி சுரீரென்று பாய்கிறது. கட்டிலில் உட்கார்ந்து உடுத்துங்கள். படியில் ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்து ஏறுங்கள். மூத்த பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் தூக்குவதையும், குந்தியபடி தரை துடைப்பதையும், காலை அகல வீசி மோட்டார்சைக்கிளில் ஏறுவதையும் பேறுகாலம் முடியும்வரை விட்டுவிடலாம். காரில் முதலில் இருக்கையில் அமர்ந்து, பிறகு முழங்கால்களை ஒட்டியவாறே இரண்டு கால்களையும் உள்ளே திருப்ப வேண்டும். இரவில் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து, புரளும்போதும் அவற்றைச் சேர்த்தே திருப்புங்கள்.

வலிக்கிறதே என்று நாள் முழுவதும் படுத்துக் கிடப்பதும் சரியன்று. தசை தளர்ந்தால் மூட்டுக்குத் தாங்குதல் குறையும். வலி கூடாத அளவுக்கு நடந்து, இடையிடையே உட்கார்ந்து, வேலைகளைப் பிரித்துச் செய்வதே நல்லது. வீட்டிலுள்ள ஆண்கள் தண்ணீர் வாளியைத் தூக்கிக் கொடுப்பது சலுகையல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

வயிற்றை அழுத்தி எண்ணெய் போட்டு உருவுவதையும், "மூட்டு ஏறிவிட்டது" என்று காலை இழுத்துவிடுவதையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பார்மசியில் ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கக் கூடாது. குறிப்பாக 20 வாரத்துக்குப் பின் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பாராசிட்டமோல்கூட மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டியது.

எல்லா வலியையும் மூட்டு வலி என்று எண்ணிவிடக் கூடாது. இரத்தப்போக்கு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், 37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு இறுகும் வலி, குழந்தையின் அசைவு குறைதல், இடுப்பின் அடியில் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிரசவத்தைப் பற்றி முன்கூட்டிப் பேசாமலிருப்பதும் தவறுதான். இவ்வலி உள்ளவர்களில் பெரும்பாலோர் சுகப்பிரசவமாகவே பெறுகிறார்கள். ஆனால் வலியில்லாமல் முழங்கால்களை எவ்வளவு தூரம் விரிக்க முடியும் என்பதை அளந்து கர்ப்பிணிப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். பிரசவ அறையில் கால்களை அதற்கு மேல் விரிக்க வேண்டாம் என்று தாதியிடம் அப்போது சொல்லலாம்.