புதுச்சேரியிலிருந்து புனேவுக்குக் காரை லாரியில் அனுப்புவது எப்படி?

பெங்களூருக்குத்தான் கார் போக வேண்டும் என்றால் லாரியே வேண்டாம். திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக ஏறத்தாழ 310 கிலோமீட்டர்தான். ஓர் ஆக்டிங் டிரைவரைப் பிடித்தால் காலையில் கிளம்பிய வண்டி மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் லாரி கட்டுப்படியாகும். இங்கே புனேவை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: கார் எங்கே லாரி ஏறும் என்று கேளுங்கள்

கார்களை ஏற்றும் நீண்ட டிரெய்லர் உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. ஒரு டிரெய்லர் நிறையும் அளவுக்குப் புதுச்சேரியில் வண்டிகள் சேர்வதும் அரிது. பெரும்பாலும் நிறுவனத்தின் டிரைவர் ஒருவர் வந்து, உங்கள் காரைச் சென்னைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவார். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் கார் தொழிற்சாலைகள் இருப்பதால் டிரெய்லர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. விளம்பரத்தில் 'வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்' என்பதன் பொருள் பல நேரங்களில் இவ்வளவுதான்.

அந்த 150 கிலோமீட்டர் ஓட்டத்தில் பெட்ரோல் யார் செலவு, வழியில் இடித்துவிட்டால் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேளுங்கள். ஒருநாள் ஒதுக்க முடிந்தால், நீங்களே ஓட்டிப்போய், டிரெய்லரில் ஏற்றும் யார்டில் ஒப்படைப்பதுதான் உத்தமம். முன்பின் தெரியாதவர் கையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

படி 2: நிறுவனத்தைச் சோதியுங்கள்

அவர்கள் தரும் ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயரும் முகவரியும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மற்றவர்கள் சொல்வதில் பாதிக் கட்டணம் சொல்பவரிடமும் எச்சரிக்கை தேவை. வண்டி கைமாறிய பிறகு 'இன்னும் பணம் கட்டினால்தான் இறக்குவோம்' என்று மிரட்டுவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

படி 3: எல்.ஆர். ரசீதைப் படியுங்கள்

ஆயிரம் ரூபாய் குறைக்க மூன்று நாள் பேரம் பேசுகிறவர்கள்கூட, எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதை மூன்று நிமிடம் படிப்பதில்லை. பின்னால் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் விதிகளின்படி, சரக்குக்குச் சேதம் வந்தால் நிறுவனத்தின் பொறுப்பு, கட்டணத்தைப்போல் பத்து மடங்கு வரைதான். நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்பையும் அது தாண்டாது. கட்டணம் 20,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 2 லட்சம். உங்கள் கார் 7 லட்சம் பெறுமானால் மீதி 5 லட்சம் காற்றில்தான். கூடுதல் கட்டணம் செலுத்தி அதிகப் பொறுப்பை ஏற்கச் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ரசீதின் மூலையில் 'ஓனர் ரிஸ்க்' (சேதம் வந்தால் உரிமையாளர் பொறுப்பு) என்று முத்திரை குத்தியிருந்தால் என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது காப்பீடு. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் விரிவான காப்பீட்டுப் பத்திரத்தைப் புரட்டுங்கள். வழக்கமான பத்திரங்களில் சாலை, ரயில் வழியாக வாகனம் எடுத்துச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் அது இல்லை. சொந்தக் காப்பீட்டில் இழப்பீடு கேட்டால் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும் என்பதால், இந்த லாரிப் பயணத்துக்கென்று காப்பீடு தனியாக எடுப்பதில் நியாயம் உண்டு. அப்படி எடுத்தால், காப்பீட்டு நிறுவனம் வழங்கிய சான்றிதழை, உங்கள் காரின் எண்ணோடு, வண்டி கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். பில்லில் 'இன்சூரன்ஸ் 3 சதவீதம்' என்று ஒரு வரி இருப்பது காப்பீடு ஆகாது.

படி 4: காரைத் தயார் செய்யுங்கள்

கழுவி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். சாய்வுப் பலகையில் ஏற்றும்போது முன் பம்பரின் அடிப்பகுதி உரசும். பெல்ட் போட்டு இறுக்கும் இடத்தில் அலாய் வீலின் விளிம்பு கீறும். இந்த இரண்டையும் கிட்டே போய் எடுங்கள். கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் கதவின் கீழ் விளிம்பிலும் சக்கர வளைவின் உள்பக்கத்திலும் துரு இருக்கும். அதையும் மறைக்காமல் எடுத்தால்தான் எது பழையது, எது புதியது என்று வாதாட முடியும். ஓடிய கிலோமீட்டரையும் ஒரு படம் எடுங்கள்.

கால் டேங்க் பெட்ரோல் போதும். உள்ளே வீட்டுச் சாமான் எதுவும் வேண்டாம். காப்பீடு காருக்குத்தான், குக்கருக்கு இல்லை. அசல் ஆர்.சி.யைக் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள். திறந்த டிரெய்லரில் போகும் காரின் ஃபாஸ்டாக்கைச் சுங்கச்சாவடிக் கருவி படித்துப் பணம் பிடித்துவிடுவதுண்டு. யார்டில் விட்டதும் அந்தக் கணக்கில் இருப்பைக் குறைத்துவிட்டு, வரும் குறுஞ்செய்திகளைக் கவனியுங்கள்.

படி 5: சேசிஸ் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்

பி.ஒய்.01 என்ற புதுச்சேரிப் பதிவெண் கொண்ட வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு இங்கிருந்து தடையின்மைச் சான்று தேவை. விண்ணப்பம் படிவம் 28. அதில் சேசிஸ் எண்ணின் (வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த அடையாள எண்) பென்சில் பதிவை ஒட்ட வேண்டும்: எண் பொறித்த இடத்தைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் தாளில் எழும்பும். கார் இங்கே இருக்கும்போதே நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

படி 6: புனேவில் பெற்றுக்கொள்ளும்போது

இரவில் கொண்டுவந்தால், 'காலையில் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார், அது அவர் பாடு. படங்களைக் கையில் வைத்துக்கொண்டு பம்பர், சக்கரங்கள், கூரை என்று ஒப்பிடுங்கள். கிலோமீட்டர் கணக்கும் சரியாக வர வேண்டும். சேதம் இருந்தால் முதலில் எல்.ஆர். நகலில் அதை எழுதிவிட்டு, பிறகு கையெழுத்திடுங்கள். அன்றே நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பின்னால் வழக்குப் போட நேர்ந்தால், காரை அனுப்ப புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அந்த அறிவிப்பு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நாள் எண்ணத் தொடங்குவது புக்கிங் தேதியிலிருந்து, கார் வந்து சேர்ந்த தேதியிலிருந்து அல்ல.