ஷவர் குழாய்க் கைப்பிடி ஆடுகிறதா? கட்டிங் பிளேயரை எடுக்கும் முன்

கைப்பிடி கையோடு கழன்று வந்துவிட்டால் பல வீடுகளில் ஒரு கட்டிங் பிளேயர் பாத்ரூம் ஜன்னலில் குடியேறிவிடும். குளிக்கப் போகிறவரெல்லாம் அதை வைத்துத்தான் குழாயைத் திருகுவார்கள். கைப்பிடி மாட்டியிருக்கும் உள்தண்டு, அதாவது ஸ்பிண்டில், பித்தளை. பிளேயரின் கடி பட்டுப் பட்டு அதன் நுனியிலுள்ள சின்னப் பற்கள் மழுங்கிவிடும். புதுக் கைப்பிடி வாங்கிப் போட்டால் முடிந்திருக்கும் வேலை, ஸ்பிண்டிலையே மாற்றும் வேலையாக வளர்ந்து நிற்கும்.

நான் பிளேயர் வைக்கவில்லை, அதைவிடப் பெரிய தப்பு செய்தேன். எம்-சீல் பிசைந்து கைப்பிடிக்குள் அடைத்து ஒட்டிவிட்டேன். கல் மாதிரி பிடித்துக்கொண்டது, அதுதான் வினை. ஆறேழு மாதம் கழித்து வாஷர் போய் ஷவர் சொட்டியபோது, கைப்பிடியைக் கழற்றினால்தானே ஸ்பிண்டிலை எடுக்க முடியும்? உடைத்துத்தான் எடுத்தோம். பிளம்பர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். ஃபெவிக்விக் ஊற்றினாலும் இதே கதைதான்.

ஆட்டம் மட்டும் இருந்தால் முக்கால்வாசி நேரம் திருகு தளர்ந்திருக்கும். கைப்பிடி நடுவில் சிவப்போ நீலமோ பொட்டு வைத்த மூடி இருக்கும். நகத்தாலோ மெல்லிய பிளேடாலோ நெம்பினால் அடியில் ஸ்க்ரூ தெரியும். ஒற்றை லீவர் மாடலில் பக்கவாட்டில் சின்னத் துளைக்குள் ஆலன் கீ (அறுகோண முனையுள்ள வளைந்த சாவி) போகும். அளவு சரியில்லாத ஸ்க்ரூ டிரைவரையோ கத்தி முனையையோ போட்டுத் திருகினால் திருகின் தலை தேய்ந்துவிடும். பிறகு அதைக் கழற்றுவதே தனி வேலை.

கழற்றுவதற்கு முன், தரையில் தண்ணீர் வடியும் ஜாலி மேல் ஒரு பழந்துணி போடுங்கள். அந்த ஸ்க்ரூ உருண்டால் வேறெங்கும் போகாது, நேரே ஜாலிக்குள்தான். கீசர் சுவிட்சை அணையுங்கள், டேங்க்கிலிருந்து வரும் கேட் வால்வையும் மூடுங்கள். வால்வு உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று அதே பாத்ரூமில் வேறொரு குழாயைத் திறந்து பாருங்கள். பழைய வால்வுகளில் சக்கரம் சுற்றும், தண்ணீர் நிற்காது. கைப்பிடியை மட்டும் எடுத்தால் தண்ணீர் வராது என்பது சரிதான். ஆனால் இழுக்கிற இழுப்பில் ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் நட் இளகிவிட்டால் முகத்தில்தான் அடிக்கும்.

போர் தண்ணீர் வீடுகளில் ஸ்க்ரூவை எடுத்த பிறகும் கைப்பிடி அசையாது, உப்பு பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டாதீர்கள். சுவருக்குள் இருக்கும் பைப் ஜாயின்ட்டில் விரிசல் விட்டால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றி வைத்துவிட்டு, இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டி இழுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், குரோம் பூச்சு கறுத்துப்போகும்.

கடைக்கு வெறுங்கையோடு போவது அடுத்த தவறு. ‘ஷவர் கைப்பிடி ஒண்ணு கொடுங்க’ என்று கேட்டால் கடைக்காரர் எதைத்தான் கொடுப்பார்? ஒவ்வொரு கம்பெனிக்கும் பல்லின் எண்ணிக்கையும் துளையின் அளவும் வேறு. பழையதை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

கைப்பிடி ஏன் உடைந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. ஷவர் சொட்டும், நாம் இன்னும் கொஞ்சம் இறுக்குவோம். மறுநாள் இன்னும் கொஞ்சம். வாஷர் தேய்ந்த குழாயில் அந்த முறுக்கு முழுவதையும் கைப்பிடியின் பற்கள்தான் வாங்குகின்றன. அது பெரும்பாலும் பிளாஸ்டிக் அல்லது துத்தநாகக் கலவை, பித்தளைக்கு முன் அதுதான் தேயும். உள்ளே செராமிக் தட்டு வைத்த, கால் சுற்றில் திறக்கும் குழாயில் இறுக்குவதற்கு வாஷரே கிடையாது. அது சொட்டினால் அந்தத் தட்டுகள் அடங்கிய உள்பாகமான கார்ட்ரிட்ஜைத்தான் மாற்ற வேண்டும். சொட்டுகிற குழாய்க்குப் புதுக் கைப்பிடி மட்டும் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

திரும்பப் பூட்டும்போது குழாய் முழுதாக மூடிய நிலையில் இருக்கட்டும். கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் வைத்துப் பல்லில் பொருத்துங்கள். ஸ்க்ரூவை முறுக்கும்போது ஆட்டம் நின்றதும் நிறுத்திவிடுங்கள். ஜாலி மேல் போட்ட துணியை எடுத்துவிட்டு வால்வைத் திறங்கள்.