மொட்டைக் குழம்பு

வருடத்தில் பத்து மாதம் என் ஜெராக்ஸ் கடையில் ஈ ஓட்டலாம். மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஈக்குக்கூட உள்ளே இடம் இருக்காது. மார்க் பட்டியல் பிரின்ட், இன்ஜினீயரிங் கவுன்சலிங் பதிவு, கலைக் கல்லூரி விண்ணப்பம், வருமானச் சான்று, சாதிச் சான்று என்று ராமநாதபுரம் பக்கம் எங்கள் உச்சிப்புளியைச் சுற்றியுள்ள பிள்ளைகள் எல்லாம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி எட்டு. வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்காரர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார், கோடை விடுமுறையில் அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அத்தைக்கு எட்டரைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் லீவு. பகல் முழுக்க எதையாவது கொறித்துவிட்டு, நான் செருப்பைக் கழற்றுமுன் "என்னம்மா சாப்பாடு?" என்பார்கள்.

முதல் இரண்டு வருடம் தினமும் பரோட்டா பார்சல்தான். காசு போனதுகூடப் பரவாயில்லை, அத்தைக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம். அப்புறம் ஒரு வழி பிடித்தேன். ராத்திரி எட்டு மணிக்கு அடுப்படியில் நின்று யோசிக்கவே கூடாது. யோசனை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்குச் சூடாக்குவது, கொதிக்க விடுவது, தாளிப்பது, அவ்வளவுதான்.

அந்த வழியில் பாதி, மீன் போடாத மீன் குழம்பு. சின்னவள் அதற்கு வைத்த பெயர் மொட்டைக் குழம்பு. இப்போது வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.

செய்முறை இது. பெரிய எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை புளி, சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் கால் கிலோ, முழுப் பூண்டு இரண்டு, தக்காளி அரைக் கிலோ. உரிப்பதுதான் பெரிய வேலை. அதை ஞாயிறு காலையில் டிவி பார்த்துக்கொண்டே பிள்ளைகள் செய்வார்கள், செய்தே ஆக வேண்டும். அடி கனத்த சட்டியில் ஒரு டம்ளரில் முக்கால் அளவு நல்லெண்ணெய் ஊற்றி, ஒரு ஸ்பூன் வெந்தயம் சிவந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு போட்டு வதக்கி, தக்காளி கரையும் வரை விடுங்கள். குழம்புத் தூள் ஆறு மேசைக்கரண்டி போட்டு, அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் பிரட்டி, புளிக்கரைசலும் உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து, கரண்டியில் எடுத்தால் சட்டென்று சொட்டாத அளவுக்குத் தொக்குப் போல வற்ற வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். நன்றாக ஆறிய பிறகு மூன்று எவர்சில்வர் டப்பாவில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மூன்றாகப் பிரிப்பது முக்கியம். ஒரே டப்பாவில் வைத்தால் தினமும் யாராவது ஈரக்கரண்டியை விட்டுக் கெடுப்பார்கள்.

மூன்று டப்பா, மூன்று ராத்திரி. புதன்கிழமைக்குமேல் அதை வைத்திருக்க மாட்டேன்.

இதில் தேங்காய் சேர்க்கவே கூடாது. இந்தக் குழம்பு வைக்க ஆரம்பித்த முதல் வருடம் தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி மணக்க மணக்க வைத்துவிட்டேன். அன்று ராத்திரி கரண்ட் போய் விடியற்காலையில்தான் வந்தது. மறுநாள் மூடியைத் திறந்தால் குழம்பு நுரைத்துப்போய் இருந்தது, மூன்று டப்பாவும் சாக்கடையில். நம் ஊர் மே மாதத்துக்குத் தேங்காய் தாங்காது. புளியும் எண்ணெயும் உப்பும்தான் தாங்கும். துருவிய தேங்காயைத் தனியாக ஃப்ரீசரில் வைத்திருந்து, சாப்பிடுகிற அன்றைக்கு அரைத்துக் கடைசிக் கொதியில் ஊற்றுங்கள்.

குழம்புத் தூள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ருசி அதில்தான் இருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம் விளைகிற முண்டு மிளகாயைப் பங்குனி, சித்திரையில் வருடத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுவோம். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அது எப்போதும் குண்டு மிளகாய்தான், கடையிலும் அப்படித்தான் கேட்பேன். தோல் தடித்து உருண்டையாக இருக்கும், குழம்புக்கு நல்ல நிறம் கொடுக்கும். என் அளவு: மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒன்றரைக் கிலோ, சீரகம் 100 கிராம், மிளகு 100, விரலி மஞ்சள் 100, வெந்தயம் 50. மாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்தால் முடிந்தது. அத்தை இதில் ஒரு பிடி அரிசியும் சேர்ப்பார், குழம்பு கெட்டிப்படுமாம். நான் அவர் பார்க்காதபோது எடுத்துவிடுவேன்.

சரி, டப்பாவைத் திறந்தாயிற்று. இனி என்ன கிடைக்கிறதோ அது.

மீன் கிடைத்தால் மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இலிருந்து 61 நாளாக்கிவிட்டார்கள். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம் என்பதால் அது நியாயம்தான், ஆனால் என் பரபரப்பும் சரியாக அதே இரண்டு மாதத்தில் வந்து விழுகிறது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. காலையில் ஸ்கூட்டியில் கொண்டுவருகிற அக்காவிடம் சூடை, காரல், நகரை, ஓரா ஏதாவது இருக்கும், விலை மட்டும் கூட. பெரிய மீனுக்கு ஆசைப்படாதீர்கள். சின்ன மீன்தான் ராத்திரிக்குத் தோது, சீக்கிரம் வேகும். வாங்கின உடனே செதில், குடல் எடுத்துக் கழுவி, கொஞ்சம் மஞ்சளும் உப்பும் தடவி, மூடிய டப்பாவில் ஃப்ரீசர் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். இதற்குப் பதினைந்து நிமிடம். காலையில் இந்தப் பதினைந்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டால் ராத்திரி ஒன்றும் நடக்காது, நான் பட்டுப் பார்த்திருக்கிறேன்.

எட்டு மணிக்கு ஒரு டப்பா மொட்டைக் குழம்பில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்கிறேன். அது கொதிப்பதற்குள் முகம் கழுவி நைட்டி மாற்றிவிடலாம். தளதளவென்று கொதித்ததும் மீனைப் போட்டு, கரண்டி விடாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று. சூடை, காரலுக்கு ஐந்து நிமிடம், நகரைக்கு ஏழெட்டு. மாங்காய் கிடைக்கிற காலம் என்பதால் நாலு துண்டு போடுவேன். அன்றைக்கு மட்டும் தண்ணீரை அரை டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புளிப்பு ஏறிவிடும்.

மீன் இல்லாத நாள் முட்டை. கொதிக்கிற குழம்பில் அடுப்பைக் குறைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி உடைத்து ஊற்றி மூடிவிட்டால் ஆறு நிமிடம். கிளறினால் கூழாகிவிடும். பெரியவன் ஒருமுறை "உதவி செய்கிறேன்" என்று கிளறினான். அன்று முட்டைக் கூட்டு சாப்பிட்டோம்.

முட்டையும் இல்லாவிட்டால் கருவாடு இருக்கவே இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, மூன்று தண்ணீர் மாற்றி அலசினால் மணலும் உப்பும் போய்விடும். கத்திரிக்காய் நாலைந்தைக் கீறிக் குழம்பில் முதலில் வேகவிட்டு, பிறகு கருவாட்டைப் போட வேண்டும். ஒன்று மறக்காதீர்கள், கருவாட்டில் உப்பு உண்டு. கூடுதல் உப்பு வேண்டாம், டப்பாவில் இருக்கிறதே போதும்.

சோறு வைக்கிற வேலை பெரியவனுடையது. ஏழரைக்குக் கடையிலிருந்து போன் அடிப்பேன். ஊறின அரிசி குக்கரில் காத்திருக்கும், தண்ணீரும் நானே அளந்து ஊற்றிவிட்டுத்தான் போயிருப்பேன். அவன் கேஸைப் பற்றவைத்து விசில் எண்ண வேண்டியதுதான் பாக்கி. விளையாட்டு நடுவில் எண்ண மறப்பான். மூன்று ஐந்தாகி அடிப்பிடித்த நாட்கள் உண்டு, மேல்சோற்றை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

வாரத்தின் பின்பாதியில் குழம்புச் சட்டியைத் தொட மாட்டேன். வியாழக்கிழமை இடியாப்பமும் சொதியும். இடியாப்பம் நான் பிழிவதில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா சாயங்காலம் அவித்து விற்கிறார், இருபது வாங்கிக்கொள்வேன். சோறு, இடியாப்பம் போன்றவற்றைக் கடையில் வாங்கலாம், தொட்டுக்கொள்வது மட்டும் வீட்டில் செய்தால் போதும் என்பது என் கணக்கு. வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் சால்னாதான், பரோட்டா இல்லை.

சொதி எனக்கு மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தது. பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் போட வந்தவர், அது லோடாகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். அவ்வளவு சுருக்கமான சமையல். ஒரு தேங்காயைத் துருவி அரைத்து முதல் பால் தனியாக, இரண்டாம் பால் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலில் நறுக்கிய வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் நாலைந்து, கால் ஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் வைத்துவிடலாம், வதக்கல் கிடையாது. உருளைக்கிழங்கோ காரல் மீனோ இருந்தால் அதிலேயே வேகும். வெந்ததும் முதல் பாலை ஊற்றி ஒரு கொதி வரும் முன் இறக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரிந்துபோகும். கூடவே ஒரு சம்பல்: வறுத்த குண்டு மிளகாய் நாலு, சின்ன வெங்காயம் ஆறு, உப்பு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று, அதன்மேல் ஒரு மூடி தேங்காய்த் துருவல் போட்டு இன்னொரு சுற்று, எலுமிச்சை. நைசாக அரைத்துவிடாதீர்கள், துவையலாகிவிடும்.

வெள்ளிக்கிழமை தோசை. அதில் சொல்ல ஒன்றுதான்: சித்திரை வெயிலில் மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். ராத்திரி அரைத்துக் காலை வரை வெளியே வைத்தால் மேடையெல்லாம் மாவு. காலையில் அரைத்து மதியம் அத்தையிடம் ஃப்ரிட்ஜில் எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள். மீறிப் புளித்தால் வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் போட்டுப் பணியாரம். பிள்ளைகள் அதைத்தான் விரும்புகிறார்கள், வேண்டுமென்றே மாவைப் புளிக்க விடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொரு தலைவலி விருந்தாளி. ராமேஸ்வரத்துக்குப் போகிற வழியில் வீடு இருந்தால் கோடையில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகுவார்கள். பரமக்குடி தாண்டியதும் போன் வரும், "ஒண்ணும் செய்யாதம்மா, சும்மா தலையைக் காட்டிட்டுப் போறோம்." எட்டுப் பேர் இறங்குவார்கள். மறுநாள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடப்போகிறவர்கள் என்பதால் கவிச்சி கூடாது. இதற்கென்றே தக்காளிச் சோறு. போனை வைத்ததும் நாலு டம்ளர் சீரகச் சம்பாவை ஊறப்போடச் சொல்லிவிடுவேன், அவர்கள் வந்து சேர்வதற்குள் அரை மணி ஊறிவிடும். பெரிய குக்கரில் பட்டை, கிராம்பு, சோம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு, அரைக் கிலோ தக்காளி, ஒன்றரை ஸ்பூன் மிளகாய்த்தூள், புதினா. தக்காளி குழைந்ததும் தேங்காய்ப் பால் இரண்டு டம்ளர், தண்ணீர் நாலரை டம்ளர், உப்பு. கொதி வந்ததும் அரிசி, இரண்டு விசில். கூட அதே சம்பலும் அப்பளமும் தயிர் வெங்காயமும். குளித்துவிட்டு வருவதற்குள் இலை போட்டுவிடலாம், ஒரே பாத்திரம் கழுவினால் போதும். குழாயில் தண்ணீர் தினமும் வராத தெருவில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். விருந்தாளி வந்தால் வாழை இலை வாங்குவதும் அதற்காகத்தான், மரியாதைக்கு என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை கடைச் சாப்பாடு, அதை நான் மறைக்கவில்லை. பரோட்டாவை வாங்கிவந்து, மீதி இருக்கும் சொதியோ முட்டை ஆம்லெட்டோ வைத்துக்கொள்வோம். சில சனிக்கிழமை அதுகூட இல்லை. சாயங்காலமே வீட்டுக்காரர் ஒரு குலை நுங்கு இறக்கிப் போட்டுவிட்டால் பிள்ளைகள் ஆளுக்குப் பத்துப் பதினைந்து தோண்டித் தின்றுவிட்டு, சோறு வேண்டாம் என்று மாடியில் பாயை விரித்துவிடுவார்கள். அத்தைக்கு மட்டும் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ், மோர் ஊற்றி, கடித்துக்கொள்ள வறுத்த நெத்திலி. நானும் அதையே குடித்துவிட்டு, மறுநாள் உரிக்க வேண்டிய கால் கிலோ வெங்காயத்தைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் படுப்பேன்.