டகோமாவுக்கு லிஃப்ட் போடப்போறீங்களா? முதல்ல டேப்பை எடுங்க

போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணி "அண்ணா, டகோமாவுக்கு மூணு இன்ச் லிஃப்ட் போடவா ஆறு இன்ச் போடவா"ன்னான். இப்ப உன் வண்டி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு கேட்டேன், சத்தமே இல்ல. லிஃப்ட்னா சஸ்பென்ஷனை மாத்தி வண்டியை உசத்துறது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன். நான் இருக்கிறது நார்த் கரோலினால, ராலே பக்கம் கேரில. வண்டி டொயோட்டாவோட பிக்கப் டிரக், மூணாவது தலைமுறை டகோமா, அதாவது 2016ல இருந்து 2023 வரைக்கும் வந்த மாடல். முன்னாடி காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்த ஸ்ட்ரட், பின்னாடி பட்டை ஸ்பிரிங், அதான் லீஃப். 2024ல வந்த புது மாடல்ல பெரும்பாலானதுக்குப் பின்னாடியும் காயில் வந்துடுச்சு, அதனால அது வச்சிருக்கவங்க பின்பக்க கதையை அப்படியே எடுத்துக்க வேண்டாம்.

முதல்ல வண்டிக்கு அடியில படுங்க

லிஃப்ட் கிட் பாக்குறதுக்கு முன்னாடி ஒரு பழைய பாயை விரிச்சு அடியில போய்ப் பாருங்க. எங்க உரசியிருக்கு? நான் ஊவாரி காட்டுல டச் ஜான் டிரெயில்ல போயிட்டு வந்தப்ப முன் பம்பரோட கீழ் உதடும் அடிப்பக்கத்தைக் காக்குற ஸ்கிட் பிளேட்டும் நல்லா கீறியிருந்துச்சு, பின் ஆக்ஸில் நடுவுல இருக்க டிஃப்ரென்ஷியல் குண்டுலயும் ஒரு பெரிய தழும்பு. இதுல ஒரு விஷயம் புரியணும், லிஃப்ட் கிட் தூக்குறது பிரேமையும் பாடியையும் பம்பரையும் மட்டும்தான், பின் ஆக்ஸில் சக்கரத்தோடவே ஒட்டி இருக்கிறதால நீங்க பத்து இன்ச் லிஃப்ட் போட்டாலும் அந்தக் குண்டு தரையில இருந்து ஒரு நூல் கூட மேல போகாது, அதைத் தூக்கணும்னா பெரிய டயர்தான் ஒரே வழி, அதுவும் டயர் விட்டத்துல கூடுறதுல பாதிதான் கிடைக்கும்.

எங்க ஸ்டேட் கடலோரத்துல இருக்க அவுட்டர் பேங்க்ஸ் பீச்சுல ஓட்டணும்னு மட்டும்தான் ஆசைன்னா லிஃப்டே வேண்டாம். கேப் ஹட்டராஸ்ல பர்மிட் வாங்கி, டயர்ல காத்தை 20 பிஎஸ்ஐக்கு இறக்கி மெதுவா போனா ஒண்ணும் மாத்தாத ஸ்டாக் வண்டியே போகும். காசு மிச்சம்.

டயரை முடிவு பண்ணிட்டு லிஃப்டுக்கு வாங்க

எல்லாரும் தலைகீழா பண்றாங்க. லிஃப்ட் போட்டுட்டு, சக்கரம் பொம்மை வண்டி சக்கரம் மாதிரி தெரியுதேன்னு அப்புறம் டயர் வாங்குறது. டயர்ல எழுதியிருக்க நம்பர்லயே உயரம் இருக்கு. என் வண்டில வந்தது 265/70 ஆர்16. 265 மில்லிமீட்டர் அகலம், அதுல 70 சதவீதம் பக்கச்சுவர், அப்ப 185.5, மேலயும் கீழயும் சேர்த்து 371, அதோட 16 இன்ச் ரிம் 406 மில்லிமீட்டரைக் கூட்டினா 777, அதாவது 30.6 இன்ச். இதே கணக்குல 265/75 ஆர்16 போட்டா 31.6 இன்ச், 285/75 ஆர்16 போட்டா 32.8, இதைத்தான் எல்லாரும் "தர்ட்டி த்ரீஸ்"னு சொல்றாங்க.

30.6ல இருந்து 32.8க்குப் போனா ஆக்ஸில் கிட்டத்தட்ட 1.1 இன்ச் மேல வரும், நல்ல லாபம்தான். ஆனா ஸ்டீயரிங்கை முழுசா திருப்பினா முன் டயரோட பின்பக்கம் கேபின் மவுண்ட்டுல, அதாவது கேபினை பிரேமோட பிடிச்சிருக்க இடத்துல போய் இடிக்கும், அங்க இரும்பை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும். பலபேர் நினைக்கிறாங்க லிஃப்ட் போட்டா இந்த உரசல் போயிடும்னு. போகாது. சக்கரம் மேல ஏறி அமுங்குறப்ப, திரும்புறப்ப அதே இடத்துக்குத்தான் வரும். அப்புறம் ஸ்பீடோமீட்டர் 60 காட்டுறப்ப உண்மையில 64 போவீங்க, போலீஸ்கிட்ட டயர் கணக்கு சொல்லி தப்பிக்க முடியாது.

வெட்டுறதுக்கு எனக்கு மனசு வரல, 31.6லயே நின்னுட்டேன். வீட்டம்மாவும் ஆபீஸுக்கு ஓட்டுற வண்டி அது.

இப்ப அளவு எடுக்கலாம்

இதுதான் முக்கியமான இடம், இதுல நான் பண்ண கோமாளித்தனத்தையும் சொல்லிடறேன். முதல் தடவை, இதுக்கு முன்னாடி வேற வண்டிக்கு லிஃப்ட் போட்டப்ப, தரையில இருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல வளைஞ்சு வர்ற தகடு) விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வச்சேன். லிஃப்டும் புது டயரும் ஒரே நாள்ல மாட்டிட்டு திரும்ப அளந்தா மூணு இன்ச்சுக்கு மேல ஏறியிருக்கு, ஆஹா கிட்டு நல்ல கிட்டுன்னு வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ எல்லாம் போட்டாச்சு. அப்புறம்தான் உறைச்சுது, தேய்ஞ்ச பழைய டயருக்கும் புது டயருக்கும் உள்ள வித்தியாசமும் அதுலயே கலந்திருக்கு. எது கிட் தூக்கினது எது டயர் தூக்கினதுன்னு பிரிக்கவே முடியல.

அதனால தரையை மறந்துடுங்க. சக்கரத்தோட நடு மையத்துல இருந்து நேர் மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளக்கணும். டயர் பெருசானாலும் தேய்ஞ்சாலும் காத்து குறைஞ்சாலும் இந்த அளவு மாறாது, சஸ்பென்ஷன் மாறினா மட்டும்தான் மாறும்.

இடம் சமமா இருக்கணும். அமெரிக்க டிரைவ்வே எல்லாமே மழைத்தண்ணி ஓட சரிவாத்தான் போட்டிருப்பான், கராஜுக்குள்ளயும் லேசான சரிவு இருக்கும். நம்ம ஊர்ல கொத்தனார் ஒரு டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாப்பாரு இல்லையா, அதேதான், ஹார்டுவேர் கடையில உள்ள தண்ணி தெரியுற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூப் வாங்கி நாலு சக்கரம் நிக்கிற இடத்தையும் பாத்தேன், கராஜ்லயே முக்கால் இன்ச் வித்தியாசம். கடைசில பக்கத்துல இருக்க சர்ச் பார்க்கிங் லாட்ல ஒரு மூலை நல்ல மட்டமா கிடைச்சுது.

பெட்ரோல் டேங்க் எப்பவும் ஒரே அளவுல வச்சுக்கோங்க, நான் பாதி வைப்பேன். பின்னாடி சாமான் ஏத்துற பெட்டுல இருக்க பொருள், பசங்க சைக்கிள், ஸ்ட்ரோலர் எல்லாம் இறக்கிடுங்க. ஜாக் போட்டு இறக்கின உடனே அளக்கவே கூடாது, சக்கரம் உள்பக்கமா சாஞ்சு வண்டி பொய்யா உசரமா நிக்கும். பத்து பதினஞ்சு அடி முன்னாடி ஓட்டி, பின்னாடி வந்து, ஸ்டீயரிங்கை நேரா வச்சு, பம்பரை ரெண்டு தடவை நல்லா அமுக்கி விட்டுட்டு அப்புறம் டேப்பை வைங்க. ஃபெண்டர் விளிம்புல ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதுல இருந்து நூல்ல ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டா தூக்குக்குண்டு ரெடி, நூல் மையத்துக்கு நேரா வர்ற இடத்துல பேனாவால கோடு போட்டுட்டா அடுத்த தடவையும் அதே புள்ளியில அளக்கலாம். நாலு மூலையும் ரெண்டு தடவை அளங்க, ரெண்டும் கால் இன்ச்சுக்கு மேல மாறுச்சுன்னா எங்கயோ தப்பு.

என் வண்டிக்கு வந்தது: முன்னாடி டிரைவர் பக்கம் 19.75, பக்கத்து சீட் பக்கம் 20.25, பின்னாடி டிரைவர் பக்கம் 21.75, அந்தப்பக்கம் 22. டிரைவர் பக்கம் சாஞ்சு நிக்குதுன்னு பயப்பட வேண்டாம், டகோமாவுக்கு இது பிறவிக்குணம், இதுக்கு "டேக்கோ லீன்"னு பேரே வச்சிருக்காங்க. முன்னாடி விட பின்னாடி ரெண்டு இன்ச் உசரமா இருக்கிறதும் வேணும்னே வச்சதுதான், பின்னாடி சுமை ஏத்தினா அமுங்கி சமமாகும். நம்பிக்கை இல்லன்னா 50 பவுண்டு மணல் மூட்டை பத்து வாங்கி பெட்டுல போட்டு பின்பக்கத்தை இன்னொரு தடவை அளந்து பாருங்க. ஏன்னா நீங்க அடிக்கடி சுமை ஏத்துற ஆளா இருந்தா, டிரெய்லர் இழுக்குற ஆளா இருந்தா, முன்னாடி மட்டும் தூக்கி மட்டம் பண்ணிட்டீங்கன்னா சுமையோட போறப்ப மூக்கு வானத்தைப் பாக்கும், எதிர்ல வர்றவன் கண்ணுல உங்க லைட் குத்தும்.

எங்க ஸ்டேட்ல இன்னொரு காரணமும் இருக்கு. "கரோலினா ஸ்குவாட்"னு முன்னாடி தூக்கி பின்னாடி இறக்கி ஓட்டுவாங்களே, அதை நிறுத்த 2021 டிசம்பர்ல நார்த் கரோலினால ஒரு சட்டம் அமலுக்கு வந்துச்சு, முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரை விட 4 இன்ச் அல்லது அதுக்கு மேல உசரமா இருந்தா குத்தம். இதை மட்டும் தரையில இருந்துதான் அளப்பாங்க. சாதாரண லிஃப்ட் போடுறவங்களுக்கு இது தொடவே தொடாது. வேற ஸ்டேட்ல இருக்கவங்க உங்க ஊர் பம்பர் உசரம், ஹெட்லைட் உசரம் சட்டத்தைப் பாத்துக்கோங்க, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும்.

எவ்வளவு, எந்த வகை

என் கணக்கு ரொம்ப சிம்பிள். முன்னாடி சராசரி 20, பின்னாடி 21.9. முன்னாடி 2.5, பின்னாடி 1 தூக்கினா 22.5ம் 22.9ம் வரும். பின்பக்கம் இன்னும் கொஞ்சம் உசரமா இருக்கு, சுமைக்கு இடம் இருக்கு, பம்பரும் தப்பிச்சுது. தம்பி கேட்ட ஆறு இன்ச் வேற உலகம், அதுக்கு முன் டிஃப்ரென்ஷியலையே பிராக்கெட் போட்டு கீழ இறக்கணும், முதல் லிஃப்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

முன்னாடி தூக்க ரெண்டு வழி. சில நூறு டாலர்ல வர்றது ஸ்பேசர், ஸ்ட்ரட் தலைமேல ஒரு தட்டு வைக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழசுதான், ஓட்டுறப்ப பழைய மாதிரியேதான் இருக்கும். இதுல ஆரம்பத்துல எல்லாரும் குழம்புற விஷயம், தட்டோட தடிமனும் லிஃப்டோட அளவும் ஒண்ணு இல்ல. சக்கரத்தை பிரேமோட இணைக்க மேலயும் கீழயும் ஒரு கை, அதாவது கன்ட்ரோல் ஆர்ம் இருக்கு; ஸ்ட்ரட் உக்காந்திருக்கிறது கீழ்க் கையோட நடுவாக்குல, சக்கரம் இருக்கிறது கை நுனியில, கிணத்து ஏத்தம் மாதிரி, நடுவுல கொஞ்சம் அசைஞ்சா நுனி நிறைய அசையும். டகோமாவுல ஒரு இன்ச் தட்டு சுமாரா ரெண்டு இன்ச் தூக்கும். 2.5 லிஃப்ட்னு போட்டிருந்த பெட்டியைப் பிரிச்சா ஒண்ணேகால் இன்ச் தட்டுதான் இருக்குன்னு ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க. டேக்கோ லீனுக்கும் இதே கணக்குத்தான், என் அரை இன்ச் சாய்வுக்கு டிரைவர் பக்கம் கூடுதலா கால் இன்ச் தட்டு போதும்.

ரெண்டாவது வழி ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் மாத்துறது. பில்ஸ்டீன் 5100 மாதிரி ஷாக்ல வரி வரியா பள்ளம் இருக்கும், கிளிப்பை எந்தப் பள்ளத்துல மாட்டுறோமோ அந்த உயரம். ஓல்ட் மேன் ஈமு மாதிரி கிட்ல வண்டியோட எடைக்கு ஏத்த மாதிரி தனித்தனி ஸ்பிரிங் இருக்கும், ஸ்டீல் பம்பரும், மாட்டிக்கிட்ட வண்டியை இழுக்குற வின்ச்சும் வைக்கப் போறீங்கன்னா அதை இப்பவே சொல்லி வாங்குங்க, இல்லன்னா வின்ச் வச்ச அன்னிக்கு பாதி லிஃப்ட் போயிடும். காசு இருந்தா இந்த வழிதான் நான் சொல்வேன். பழைய ஷாக்கே எண்பதாயிரம் மைல் ஓடி செத்துக் கிடக்குறப்ப அது தலையில தட்டு வைக்கிறதுல என்ன அர்த்தம்.

மூணு இன்ச்சுக்குப் பக்கமா போனா மேல்க் கையையும் மாத்த வேண்டி வரும், பழைய கையை வச்சு அலைன்மென்ட்ல காஸ்டர், அதாவது வண்டியை நேரா ஓட வைக்கிற கோணம் சரியா கிடைக்காது, ஹைவேல வண்டி அலையும். இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்குக் கொண்டு போற சிவி ஆக்ஸிலும் அதிகமா சாயும், ரப்பர் பூட் மடிப்புல மடிப்பு உரசிக் கிழியும். 2.5ல நின்னதுக்கு இதுதான் பாதிக் காரணம்.

பின்னாடிக்கு மூணு வழி இருக்கு. ஆக்ஸிலுக்கும் லீஃபுக்கும் நடுவுல பிளாக் வைக்கிறது, ஒரு இன்ச்சுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. கூடுதலா ஒரு பட்டை சேக்குறது, கொஞ்சம் விறைப்பா இருக்கும் ஆனா சுமைக்கு நல்லது. இல்லன்னா முழு லீஃப் பேக்கையே மாத்துறது. எதைப் பண்ணாலும் லீஃபை ஆக்ஸிலோட பிடிக்கிற யூ போல்ட் புதுசு போடுங்க, ஒரு தடவை முறுக்கி இழுபட்ட போல்ட்டை திரும்ப நம்பக் கூடாது. பிரேக் ஹோஸ் முழுசா தொங்குறப்ப இழுபடுதான்னும் பாருங்க.

மாட்டுறப்பவும் அப்புறமும்

ஸ்ட்ரட்டைப் பிரிச்சு காயில் மாத்துறது மட்டும் வீட்டுல வேண்டாம். அமுக்கி வச்ச ஸ்பிரிங் நழுவினா ஆளைக் கொன்னுடும், நிஜமாவே. கோத்து ரெடியா வர்ற செட்டா வாங்குங்க இல்ல கடைல குடுத்துக் கோத்துக்கோங்க. மத்ததை ஜாக் ஸ்டாண்ட் வச்சு ரெண்டு பேர் ஒரு சனிக்கிழமைல முடிச்சிடலாம். ரப்பர் புஷ் இருக்க போல்ட்டை எல்லாம் சக்கரம் தரையில நிக்கிறப்பதான் கடைசியா முறுக்கணும், தொங்குறப்ப முறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, லைட்டோட நடு உயரத்துக்கும் சுவர்ல வெளிச்சம் முடியுற கோட்டுக்கும் எவ்வளவு இறக்கம்னு எழுதிக்கோங்க, முடிச்ச பிறகு அதே இறக்கம் வர்ற மாதிரி ஸ்குரூவைத் திருப்பி வைங்க. 2018 மாடல்ல இருந்து வந்த டகோமாவுல முன்னாடி ரேடாரும் கேமராவும் இருக்கு, அதையும் சரிபாக்கச் சொல்லணும்.

டீலர் வாரண்டி கிடையாதுன்னு மிரட்டினா, 1975ல வந்த மேக்னுசன் மாஸ் வாரண்டி சட்டம் இருக்கு, லிஃப்ட் போட்டதாலயே எல்லா வாரண்டியும் போகாது. ஆனா சிவி ஆக்ஸில் போச்சுன்னு போய் நின்னா அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

நூறு மைல் ஓட்டின பிறகு அதே சர்ச் மூலைக்குப் போய் அதே கோட்டுல அளந்தேன்: முன்னாடி ரெண்டு பக்கமும் 22.5, பின்னாடி 22.75, 23. அன்னிக்கு சாயங்காலமே அலைன்மென்ட். 500 மைல்ல யூ போல்ட்டையும் வீல் நட்டையும் டார்க் ரெஞ்ச் போட்டு திரும்பப் பாத்தேன், ஒரு யூ போல்ட் கால் சுத்து வாங்குச்சு. கராஜ் கதவு 84 இன்ச், உள்ள போகுது. மேல கூடாரம் வைக்கிற ரேக் மாட்டினா போகுமான்னு இன்னும் அளக்கல, இந்த வாரம் பாக்கணும்.